தூசியோடு சேர்த்து 450 வெள்ளி

பினாங்கின் பழைய சாமான் சந்தையான லோரோங் கூலிட்டில் இப்போது பழைய ஃபிலிம் கேமரா ஒன்றைக் கையில் எடுத்து விலை கேட்டால், கடைக்காரர் வாயைத் திறப்பதற்கு முன் கைப்பேசியைத் திறக்கிறார். கேமராவின் பெயரைத் தட்டுகிறார், திரையில் வந்து விழும் முதல் நாலைந்து விலைகளைக் காட்டுகிறார். "பாருங்க போஸ், ஆன்லைன்ல 500 போகுது. நான் 450தான் சொல்றேன்."

அந்த 500ஐ யாரும் கொடுக்கவில்லை. எங்கோ ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். மூன்று மாதமாக விற்காமல் கிடப்பதால்தான் அந்த விளம்பரம் இன்னும் திரையில் இருக்கிறது. நியாயமான விலைக்குப் போட்டவருடைய கேமரா அன்றைக்கே போய்விட்டது, அது தேடலில் வராது. ஈபேயில் 'விற்றவை' என்று வடிகட்டிப் பார்க்க வழி இருக்கிறது. சந்தைக்குக் கிளம்புவதற்கு முன்னாலேயே, தேடும் நாலைந்து மாடல்களுக்கு அதைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போங்கள். பழைய பொருள் விற்கும் கரோசெல் செயலியில் 'விற்றது' என்று இருந்தாலும், தெரிவது போட்ட விலைதான். பேரம் எதில் முடிந்தது என்று தெரியாது. அதை உச்சவரம்பு என்று மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

சரி, 500க்கே விற்றது என்று வைத்துக்கொள்வோம். அந்த 500 எதற்கு? ஜப்பானில் உள்ள ஒரு கடை ஷட்டரைச் சோதித்து, லென்ஸுக்குள் விளக்கடித்துப் படம் எடுத்து, பூஞ்சை உண்டா இல்லையா என்று எழுதி, சரியில்லையென்றால் திருப்பி அனுப்பலாம் என்று நாளும் குறித்துக் கொடுக்கிறதே, அந்த வேலைக்கும் சேர்த்துத்தான். தார்ப்பாய் மேல் ராத்திரிப் பனியும் காலை வெயிலும் வாங்கிய கேமராவுக்கு அதே விலை கேட்பது, சமைக்காத கோழிக்கு பிரியாணி விலை கேட்கிற மாதிரி. வெளிநாட்டிலிருந்து வருவதற்குத் தபால் செலவு உண்டு. மலேசியாவில் 2024 ஜனவரி 1 முதல், 500 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேற்படாத பொருளை இணையம் வழியே வெளிநாட்டிலிருந்து வாங்கினால் 10 விழுக்காடு விற்பனை வரியும் உண்டு. அந்த இரண்டையும் சேர்த்தே ஒப்பிடுங்கள். சேர்த்த பிறகும் பல நேரங்களில் சந்தை தோற்றுவிடுகிறது.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. ரோப் வாக், அதாவது பிந்தால் தாலி தெருவில் நடந்த பழைய சாமான் வியாபாரம்தான் பின்னாளில் நகர அரங்கத்தை ஒட்டிய லோரோங் கூலிட்டுக்கு வந்தது. கல்யாணப் படம் எடுத்த ஸ்டூடியோக்கள் 2000களில் டிஜிட்டலுக்கு மாறியபோது, பென்டாக்ஸ் கே1000களும் நிக்கான் எஃப்எம்2களும் கேட்பாரற்று வெளியே வந்தன. 2012 ஜனவரியில் கோடக் திவாலுக்கு மனுப் போட்டபோது ஃபிலிமின் கதை முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். முடியவில்லை. 2018இல் கோடக்கின் எக்டாக்ரோம் ஃபிலிம் திரும்பி வந்தது. 2024இல் பென்டாக்ஸ் 17 என்று புத்தம் புதிய ஃபிலிம் கேமராவே ஏறக்குறைய 500 அமெரிக்க டாலருக்கு வெளிவந்தது. இடையில் இன்ஸ்டாகிராம் பிள்ளைகள், பிரபலங்கள் கழுத்தில் தொங்கிய கான்டாக்ஸ் டி2. விலை ஏறியதில் தப்பு ஒன்றும் இல்லை. விலை ஏறியபோது சோதனையும் பொறுப்பும் கூடவே ஏறவில்லை என்பதுதான் பிரச்சினை.

இன்னொன்றும் நடந்தது. விடிவதற்கு முன் நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு வருகிறவர்கள் மறுவிற்பனைக்காரர்கள். மூட்டை பிரிக்கும்போதே நல்லதை எடுத்துவிடுவார்கள். ஒன்பது மணிக்கு ரொட்டி சானாய் முடித்துவிட்டு நிதானமாகப் போகிறவருக்குக் கிடைப்பது மிச்சம். அந்த மிச்சத்துக்கும் 'ஹார்கா மத்தி', அதாவது ஒரே விலை, பேரம் இல்லை என்கிறார்கள். கோலாலம்பூர் பக்கம் பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மாலில் வார இறுதியில் கூடும் பழம்பொருள் சந்தையிலும் இதே மறுவிற்பனைக் கணக்குதான். கூரை இருப்பதால் பொருள் நனையாது என்பது அதற்கு ஒரு மார்க் கூடுதல்.

அப்படியானால் நேரில் போவதில் என்னதான் மிச்சம்? ஒன்றே ஒன்று: பொருளைக் கையில் வாங்கிச் சோதிக்கலாம். இணையத்தில் அது முடியாது. ஆகவே சோதிக்க விடாத கடையில் வாங்குவதற்குக் காரணமே இல்லை. "பொலே புக்கா?" என்று கேளுங்கள். திறக்கக்கூடாது என்றால் மெல்லக் கீழே வைத்துவிட்டு நகருங்கள். அதில் மனக்கசப்புக்கு இடமில்லை.

கொண்டுபோக வேண்டியது ஒரு சின்னப் பை. எல்ஆர்44 பேட்டரி இரண்டு, 6 வோல்ட் 4எல்ஆர்44 ஒன்று, சிஆர்123ஏ ஒன்று. இந்த மூன்று வகை இருந்தால் சந்தையில் கிடக்கும் கேமராக்களில் பெரும்பாலானவற்றை உயிர்ப்பித்துப் பார்க்கலாம். ஒரு டார்ச். பேட்டரி மூடியைத் திறக்க 20 சென் காசு. வீணாய்ப்போன ஃபிலிம் ரோல் ஒன்று. ஈரத் துடைப்பான் கொஞ்சம், ஏனென்றால் கேமராவுக்குள் அழுகிக் கிடக்கும் ஸ்பாஞ்சு விரலில் ஒட்டினால் தார் மாதிரி, லேசில் போகாது. "பேட்டரி மட்டும்தான் இல்ல, மத்தபடி ஓகே" என்ற வாசகம் இந்தச் சந்தையின் தேசிய கீதம். பேட்டரி உங்கள் பையில் இருந்தால் அந்தப் பாட்டு அங்கேயே நின்றுவிடும்.

பின்கதவைத் திறப்பதற்கு முன் ஃபிலிம் சுற்றும் குமிழை அம்புக்குறி காட்டும் திசையில் மெதுவாகத் திருப்புங்கள். தடை இருந்தால் உள்ளே ஃபிலிம் இருக்கிறது. யாருடைய குடும்பப் படமோ, வெளிச்சம் காட்டிக் கெடுக்க வேண்டாம்.

முதலில் பேட்டரி அறை. பச்சையோ வெள்ளையோ பொரிந்திருந்தால் ஆல்கலைன் பேட்டரி கசிந்திருக்கிறது. கசிவது காரம், அதனால் பஞ்சில் தொட்ட காடியால் (வினிகர்) துடைத்தால் பேட்டரி தொடும் தகடு சுத்தமாகிவிடும். ஆனால் கசிவு தகட்டோடு நிற்பதில்லை. அதற்குப் பின்னால் போகும் கம்பி வழியே ஏறிச் செம்பைத் தின்றுவிடும். தகடு பளபளவென்று இருந்தும் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் அசையவில்லையென்றால் பெரும்பாலும் அந்தக் கம்பிதான். கம்பி மாற்றுவது சின்ன வேலை, ஆனால் மேல்தட்டைக் கழற்ற வேண்டும். மூடியின் காசுப் பள்ளம் சிதைந்து, திறக்கவே முடியவில்லையென்றால் விட்டுவிடுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று முன்னால் திறக்க முயன்றவருக்கும் தெரியவில்லை.

ஒலிம்பஸ் ஓஎம்-1 மாதிரி 1970களின் கேமராக்கள் 1.35 வோல்ட் பாதரசப் பேட்டரிக்காகச் செய்தவை. அந்தப் பேட்டரி இப்போது கிடையாது. அதே அளவில் வரும் 1.5 வோல்ட் ஆல்கலைனைப் போட்டால் முள் ஆடும், விற்பவரும் "பாருங்க, மீட்டர் வேலை செய்யுது" என்பார். முள் கூடுதலாக ஆடுவதுதான் கோளாறு. உள்ளதைவிட வெளிச்சம் அதிகம் என்று மீட்டர் நினைத்துக்கொள்ளும், அதைக் கேட்டு எடுத்த படம் இருண்டுபோகும். போதாததற்கு ஆல்கலைனின் வோல்ட் நாளுக்கு நாள் இறங்கும், பிழையும் நாளுக்கு நாள் மாறும். மலிவான வழி, காதுகேட்கும் கருவிக்குப் போடும் 675 எண் துத்தநாகக் காற்றுப் பேட்டரி. 1.4 வோல்ட், மருந்துக் கடையில் கிடைக்கும். சற்றுச் சிறியது என்பதால் சுற்றிலும் ஒரு ரப்பர் வளையம் வேண்டும். ஒட்டியிருக்கும் தாளை உரித்ததும் காற்றுப் பட்டு வேலையைத் தொடங்கிவிடும், பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் சில வாரம், சில மாதத்தில் தீர்ந்துவிடும்.

அடுத்தது ஷட்டர்: ஃபிலிமுக்கு வெளிச்சம் விட ஒரு திரை திறக்கும், இன்னொன்று பின்னால் வந்து மூடும். நேரத்தைச் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். லென்ஸைக் கழற்றி, பின்கதவைத் திறந்து, வெளிச்சமான வானத்தைப் பார்த்துப் பிடியுங்கள், சூரியனைப் பார்த்து அல்ல. 1/1000 நொடி வேகத்தில் அழுத்தினால் நீள்சதுரம் முழுக்க ஒரே சீராய் மின்னி மறைய வேண்டும். ஒரு ஓரம் இருண்டால் இரண்டாவது திரை முதல் திரையை எட்டிப் பிடிக்கிறது என்று பொருள். ஒவ்வொரு படத்திலும் அந்த ஓரம் கறுப்பாய் வரும். இது சர்வீஸ் கேஸ், சின்னத் தள்ளுபடியில் சரிக்கட்டுகிற விஷயம் இல்லை.

மெதுவான வேகங்களைக் கைப்பேசியில் அளந்துவிடலாம். நொடிக்கு 240 பிரேம் எடுக்கும் ஸ்லோமோஷனில் வைத்து, பின்கதவு வழியாக ஷட்டரின் நடுவைப் படம் எடுங்கள். பிறகு பிரேம் பிரேமாக நகர்த்தி, வெளிச்சம் தெரியும் பிரேம்களை எண்ணுங்கள். 1/60க்கு 4, 1/30க்கு 8, 1/15க்கு 16, ஒரு நொடிக்கு 240. ஒன்றிரண்டு முன்னே பின்னே இருக்கலாம். 1/30க்கு 12 வந்தால் ஷட்டர் பாதி நேரம் கூடுதலாகத் திறந்திருக்கிறது. 1/250க்கு மேல் இந்த முறை செல்லாது, ஒரு பிரேமுக்குள் எல்லாம் முடிந்துவிடும். விளக்கொளியில் இதைச் செய்யாதீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மட்டமான எல்இடி விளக்கு நொடிக்கு 100 முறை சிமிட்டும், எண்ணிக்கை குழம்பும். பகல் வெளிச்சம்தான் சரி.

மெதுவான வேகம் இன்னும் மெதுவாகியிருப்பது பெரிய பாவம் இல்லை. உள்ளே பல்சக்கரத்தில் போட்ட எண்ணெய் பிசினாகிவிட்டது, அவ்வளவுதான். நெகட்டிவ் ஃபிலிம் கொஞ்சம் கூடுதல் வெளிச்சத்தைத் தாங்கும். ஒரு நொடியில் வைத்து அழுத்தினால் லென்ஸுக்குப் பின்னால் உள்ள மிரர் மேலேயே நின்றுவிடுகிறதா, அப்போது யோசிக்கலாம். ஐந்தாறு முறை அழுத்தியதும் சரியாகிவிட்டது என்று விற்பவர் சிரித்தால், வீட்டில் ஒரு வாரம் வைத்திருந்தால் மறுபடி நின்றுவிடும் என்று நீங்கள் சிரிக்கலாம்.

துணித்திரை ஷட்டராக இருந்தால் இன்னொரு சோதனை: லென்ஸ் பக்கத்திலிருந்து டார்ச் அடித்து, மிரரைத் தூக்கி நிறுத்த வழி இருந்தால் நிறுத்தி, பின்பக்கம் இருட்டில் பாருங்கள். ஊசித்துளை இருந்தால் நட்சத்திரம் மாதிரி தெரியும். திரையை விரலால் தொட வேண்டாம்.

மாடலுக்கு மாடல் நோய் வேறு. 1976இல் வந்த கெனான் ஏஇ-1 அழுத்தும்போது இருமுவது போலக் கிரீச்சிடும். மிரரை இயக்கும் சக்கரத்தில் எண்ணெய் வற்றிவிட்டது, சரியான இடத்தில் ஒரு துளி விட்டால் நிற்கும், தெரிந்தவர் விட வேண்டும். பேட்டரி இல்லாமல் இது ஒரு படமும் எடுக்காது. மினோல்டா எக்ஸ்-700இல் மின்தேக்கி செத்து, ஃபிலிம் நகர்த்தும் நெம்புகோல் இறுகிப்போகும். இரண்டு வெள்ளிப் பொருள், ஆனால் பற்றவைக்க ஆள் வேண்டும். ஓஎம்-1இல் கண்ணை வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டருக்குள் பழுப்புத் திட்டு தெரிந்தால் அது தூசி அல்ல. பிரிசம் என்னும் முப்பட்டைக் கண்ணாடியைச் சுற்றி வைத்த ஸ்பாஞ்சு அழுகி வெள்ளிப்பூச்சைத் தின்றிருக்கிறது, துடைத்துப் போகாது. யாஷிகா எலக்ட்ரோ 35ஐ வாங்கும்போது நெம்புகோலை இழுத்துக் காதைக் கொடுங்கள், 'டக்' என்று உள்ளே ஒரு சத்தம் வர வேண்டும். வராவிட்டால் உள்ளிருக்கும் ரப்பர் துண்டு கூழாகிவிட்டது, தானியங்கி ஷட்டர் தப்புத் தப்பாய்க் கணக்குப் போடும். அதே கேமராவின் ஃபோகஸ் சரியா என்று பார்க்க லோரோங் கூலிட் நல்ல இடம்: லென்ஸை முடிவிலியில் வைத்துத் தூரத்தில் நிற்கும் கொம்தார் கோபுரத்தைப் பாருங்கள். நடுவில் உள்ள மஞ்சள் கட்டத்துக்குள் கோபுரம் ஒன்றாய்த் தெரிய வேண்டும், இரண்டாய் அல்ல.

கே1000க்கு ஒரு வார்த்தை. அதில் மீட்டரை அணைக்கும் விசையே கிடையாது, லென்ஸ் மூடிதான் விசை. மூடி இல்லாமல் கடையில் கிடந்த கே1000இல் பேட்டரி தீர்ந்திருப்பது இயல்பு. அதை வைத்து மீட்டர் கெட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். உங்கள் எல்ஆர்44ஐப் போடுங்கள். எஃப்எம்2வும் அப்படித்தான் சாதுவானது. 1/4000 வரை முழுக்க இயந்திரம், பேட்டரி மீட்டருக்கு மட்டும். இந்த இரண்டுக்கும் கொஞ்சம் கூடக் கொடுத்தால் வயிறு எரியாது.

லென்ஸ். வெளிச்சம் புகும் துளையான அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கமிருந்து டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். தூசி தெரியும், பொருட்படுத்த வேண்டாம். சிலந்தி வலை மாதிரி கிளை விட்டிருந்தால் பூஞ்சை. மூச்சு விட்ட கண்ணாடி மாதிரி மங்கலாய் இருந்தால் ஆவியான எண்ணெய். ஓரத்தில் வானவில் தெரிந்தால் ஒட்டிய இரு கண்ணாடிகள் பிரிகின்றன. பினாங்கின் காற்றில் ஈரப்பதம் 80 விழுக்காட்டைச் சுற்றியே இருக்கிறது. 60ஐத் தாண்டினாலே பூஞ்சைக்குக் கொண்டாட்டம். தோல் உறைக்குள் இருபது வருஷம் தூங்கிய லென்ஸில் பூஞ்சை இல்லையென்றால்தான் ஆச்சரியம். முன் கண்ணாடிக்குப் பின்னால் மட்டும் என்றால் கழற்றித் துடைக்கலாம். ஒட்டிய கண்ணாடிகளுக்கு நடுவே என்றால் கதை முடிந்தது. "வெயில்ல வச்சா போயிடும்" என்பது பாதி உண்மை. பூஞ்சை சாகலாம், அது அரித்த பூச்சு திரும்பி வராது. வாங்கியதை 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதம் உள்ள உலர்பெட்டியில் வையுங்கள். அந்தத் தோல் உறையைக் கடைக்காரருக்கே அன்பளிப்பாகக் கொடுத்துவிடுங்கள்.

பின்கதவு ஓரத்தில் வெளிச்சத்தைத் தடுக்கும் ஸ்பாஞ்சு அழுகியிருப்பதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். ஐம்பது வருஷக் கேமராவில் அது அழுகித்தான் இருக்கும். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துச் சுரண்டி, பள்ளத்தில் கம்பளி நூலும் கீல் பக்கத்தில் 1.5 அல்லது 2 மி.மீ. ஸ்பாஞ்சும் ஒட்டினால் ஒரு மணி நேர வேலை. சுரண்டிய தூள் மிரருக்கு மேலுள்ள ஃபோகஸ் திரையில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விழுந்தால் துடைக்கத் துடைக்கப் பரவும். பேரத்துக்கு மட்டும் இந்த ஸ்பாஞ்சு நன்றாக உதவும். பார்க்க அசிங்கமாக இருக்கும், சரிசெய்வது மலிவு.

இனி கணக்கு. எடுத்துக்காட்டுக்கு, நல்ல நிலையில் சோதித்து விற்ற ஒரு கேமராவின் உண்மையான விற்பனை விலை 450 வெள்ளி என்று வைப்போம். சந்தையில் கிடப்பது சோதிக்காதது. சர்வீஸுக்கு 200, ஸ்பாஞ்சுக்கு 20, ஒரு ரோல் ஃபிலிம் போட்டுக் கழுவி ஸ்கேன் செய்து பார்க்க 80. மிச்சம் 150. சர்வீஸே வேண்டாத அளவுக்கு உங்கள் சோதனையில் தேறினால் 350 வரை போகலாம். அதற்கு மேல் கொடுப்பது, கடைக்காரர் செய்யாத வேலைக்கு அவருக்குச் சம்பளம் கொடுப்பது. இந்தக் கணக்கை வாய்விட்டே சொல்லிக் கேளுங்கள். "அண்ணே, 1/1000இல ஓரம் இருட்டுது, சர்வீஸுக்கே 200 போயிடும், பொலே கூராங்?" காரணத்தோடு கேட்டால் சிலர் இறங்குகிறார்கள். வெறும் "கொறைங்க அண்ணே"வுக்கு இறங்குவதில்லை. இறங்காதவர் கேமராவை அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அதே தார்ப்பாயில் பார்க்கலாம், சில வேளை 20 வெள்ளி ஏறிய விலையில்.

பாக்கெட் அளவுத் தானியங்கிக் கேமராக்கள், ஒலிம்பஸ் மியூ 2 போன்றவை, இந்தக் கணக்கில் சேராது. 1990களின் மின்சுற்று, உள்ளே வளைந்து போகும் மெல்லிய தகட்டு வயர், மாற்றுப் பாகம் கிடையாது. இன்று ஓடுவது நாளை மூச்சை நிறுத்தினால் விலை பூஜ்யம். இப்படிப்பட்டவற்றுக்குத்தான் சந்தையில் அதிகத் தொகை கேட்கிறார்கள். சிஆர்123ஏவைப் போட்டு லென்ஸ் வெளியே வருகிறதா, ஃபிளாஷ் அடிக்கிறதா, பழைய ரோலைப் போட்டால் இழுத்து முடிவில் திருப்பிச் சுற்றுகிறதா என்று மூன்றையும் பார்க்காமல் பணத்தைத் தொட வேண்டாம். மூன்றும் தேறினாலும், போனால் போகட்டும் என்று விடக்கூடிய தொகையை மட்டும் கொடுங்கள்.

சந்தைக்கு இன்னும் போகிறவர்கள் எதற்குப் போகிறார்கள் என்றால், கேமராவுக்காக அல்ல. மேசைக்குக் கீழே, கயிறும் சார்ஜரும் சிக்கிக் கிடக்கும் பிளாஸ்டிக் கூடைக்காக. 49 மி.மீ., 52 மி.மீ. ஃபில்டர்கள், லென்ஸ் மூடிகள், தங்கள் கேமராவில் காணாமல் போன திருகாணிக்காக ஒரு செத்த ஓஎம்-1. பழைய ஃபிளாஷை மட்டும் டிஜிட்டல் கேமராவில் மாட்டாதீர்கள், சிலவற்றில் தொடுமுனையில் 200 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். அதே கூடையில் சில நேரம், கேமராவில் மாட்ட முடியாத ஒரு குட்டி லென்ஸ் உருளும்: இஎல்-நிக்கோர் 50 மி.மீ., 2.8. இருட்டறையில் படத்தைப் பெரிதாக்கும் கருவியின் லென்ஸ். பின்பக்கத் திருகு 39 மி.மீ. அந்தப் பெயரைக் கைப்பேசியில் தட்டிப் பார்க்க இன்னும் பல கடைக்காரர்களுக்குத் தோன்றவில்லை. டார்ச்சை எடுத்து உள்ளே அடித்துப் பாருங்கள், சுத்தமாக இருந்தால் ஒரு ஃபில்டரோடு சேர்த்து மொத்தமாக விலை கேளுங்கள்.